பதினெட்டுக் குழி எதற்கு?

ஸ்காட்லாந்தின் எடின்பரா நகரத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, மஸல்பரா என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊர் மீன்காரிகள் ஒரு காலத்தில் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு எடின்பரா வரைக்கும் நடந்தே போய் மீன் விற்றுவிட்டுத் திரும்புவார்கள். விடுமுறை நாளில் கோல்ஃப் ஆடுவார்கள். 1790களில் அந்த வட்டாரத்துப் பாதிரியார் அலெக்சாண்டர் கார்லைல் இதை எழுதிவைத்திருக்கிறார். கூடவே இன்னொரு சங்கதியும் சொல்கிறார்: வருடத்தில் ஒருநாள் கல்யாணமான பெண்களும் ஆகாத பெண்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கால்பந்து ஆடுவார்களாம், ஜெயிப்பது எப்போதும் கல்யாணமானவர்களாம். 1811 ஜனவரியில் நடக்கும் ஆட்டத்துக்கென்று அந்த ஊர் கோல்ஃப் சங்கம் மீன்காரிகளுக்குப் பரிசே அறிவித்தது. நன்றாக ஆடுகிறவளுக்கு ஒரு புது மீன்கூடை, அதோடு பட்டுக் கைக்குட்டைகள்.

அதே ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்தில் பொங்கல், தீபாவளி என்று தமிழர்கள் கூடும் இடத்தில் யாராவது ஒருவர் என்னைப் பிடித்து, “ரெண்டு சின்னப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு கோல்ஃப் ஆட உனக்கு எங்கேம்மா நேரம்?” என்று கேட்பார்கள். நான் உடனே இந்த மீன்காரிகளை இழுத்துவருவேன். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும். அவர்களுக்கு எப்படி நேரம் கிடைத்ததோ, எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்த வழியைச் சொல்கிறேன்: முழு ஆட்டம் ஆடியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டேன்.

நான் ஊட்டிக்காரி. டண்டியில் பிசியோதெரபிஸ்ட் வேலை. குடியிருப்பது டே ஆற்றுக்குத் தெற்கே, ஃபைஃப் பக்கம். மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டு. என் சித்தப்பா ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டக்காரர்கள் பின்னால் நடக்கும் வேலை பார்த்தவர். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த கைப்பிடி தேய்ந்த ஒற்றை மட்டைதான் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது. மைதானத்துக்குள் ஆட யார் விடுவார்கள்? அந்த மைதானத்தின் ஓரமெல்லாம் மஞ்சள் பூ பூக்கும் ஒரு முள்புதர் உண்டு. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்துக்கு நீலகிரியில் நட்டுவைத்து, அது பரவி, இன்று நம் மலைப் புல்வெளிகளுக்குத் தலைவலியாக நிற்கிறது. ஃபைஃபுக்கு வந்த முதல் வசந்தத்தில் கடற்கரை மேடெல்லாம் அதே புதர், அதே மஞ்சள். பக்கத்தில் போய் முகர்ந்தால் தேங்காய் வாசம். ஊட்டியில் பந்தைத் தொலைத்த புதருக்குள் இங்கேயும் பந்தைத் தொலைக்கிறேன்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெட்டவெளியில் ஓரிடத்தில் பந்தை வைத்து அடித்து, நூறு மீட்டரிலிருந்து ஐந்நூறு மீட்டர் வரை தள்ளியிருக்கும் ஒரு சின்னக் குழிக்குள் போட வேண்டும். எத்தனை அடியில் போட்டாய் என்பதுதான் கணக்கு. குறைய குறைய நல்லது. இப்படிப் பதினெட்டுக் குழி சேர்ந்தது ஒரு முழு ஆட்டம். பல கிலோமீட்டர் நடை, நான்கு மணி நேரம். கார் ஓட்டிப் போவது, ஷூ மாட்டுவது, முன்னால் போகும் கூட்டம் பந்து தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, முடிந்ததும் ஒரு டீ என்று சேர்த்தால் ஆறு மணி நேரம் போய்விடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு சாப்பாடு, ஒரு தூக்கம், எண்ணாமல் விட்ட டயப்பர்கள்.

ஆனால் இந்தப் பதினெட்டு ஒன்றும் வேதவாக்கு இல்லை. 1744இல் முதன்முதலாக எழுத்தில் விதிமுறை வகுத்த லீத் மைதானத்தில் இருந்தவை ஐந்தே குழிகள். எங்கள் ஃபைஃபிலேயே உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு சுற்று என்பது 22 குழியாக இருந்தது. 1764இல் முதல் நான்கு குழிகள் சின்னதாக இருக்கின்றன என்று இரண்டாகச் சேர்த்தார்கள். போகும்போதும் வரும்போதும் அதே குழிகளில்தான் ஆடுவார்கள் என்பதால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு குறைந்து 18 ஆனது. உலகம் பூராவும் அதையே காப்பி அடித்தது பிற்பாடு. இன்று கோல்ஃபின் மிகப் பழைய பெரிய போட்டியான ஓப்பன், 1860இல் பிரெஸ்டிக்கில் தொடங்கியபோது அங்கே இருந்தது 12 குழி. நம் மீன்காரிகளின் மஸல்பரா மைதானம் 9 குழியோடு ஆறு முறை ஓப்பன் நடத்தியிருக்கிறது. ஆகவே ஒன்பது குழி ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறவளைப் பார்த்து “பாதி ஆட்டமா?” என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கேட்கிறார்கள், அது வேறு.

விதிகளும் இப்போது இளகி வந்திருக்கின்றன. தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். 2019 முதல் மூன்றுதான். ஆட்டம் சீக்கிரம் முடியும். ஹேண்டிகேப் என்று ஒன்று உண்டு. நீ எவ்வளவு சுமாராக ஆடுவாய் என்பதைக் கணக்குப் போட்டுத் தரப்படும் சலுகை எண் அது. நான் என்னைவிட நன்றாக ஆடுகிறவரோடு சமமாகப் போட்டி போடுவது அதனால்தான். 2020இல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை வந்தது. ஆணோ பெண்ணோ, உச்ச வரம்பு 54. ஒன்பது குழி ஆடிய கணக்கையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. விட்டுவிட்டு ஆடினாலும் ஆட்டக்காரி என்ற கணக்கில் பெயர் இருக்கும்.

அப்புறம் வெளிச்சம். இந்த விஷயத்தில் ஸ்காட்லாந்து அம்மாக்களுக்கு வரம். ஜூன் மாதம் நாலரை மணிக்குச் சூரியன் வந்துவிடும், போவது இரவு பத்துக்கு. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, கதை சொல்லி, ஏழரை மணிக்கு ஜன்னலில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுத் தூங்கவைத்தபின்னும் ஒன்பது குழி ஆட வெளிச்சம் மிச்சமிருக்கும். வெயிலே இன்னும் போகாத வேளையில், “ராத்திரி ஆச்சு, தூங்கு” என்று பிள்ளையிடம் சொல்வதுதான் சங்கடம். மூத்தவள் இப்போது திரையை விலக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். டிசம்பரில் கணக்கு தலைகீழ்: பிற்பகல் மூன்றரை, மூன்றேமுக்காலுக்கே இருட்டு. அந்த மாதங்களில் என் மைதானம் வீட்டுக் கூடத்துக் கம்பளம். குழிக்குப் பதில் ஒரு டம்ளரைச் சாய்த்துவைத்துக்கொள்வேன். இளையவன்தான் பந்து பொறுக்கிக்கொடுக்கிறான். திருப்பித் தருகிறானா என்று கேட்காதீர்கள்.

நேரம் என்பது வானத்தில் மட்டும் இல்லை, வீட்டுக்காரரிடமும் இருக்கிறது. அவர் மதுரைக்காரர். கோல்ஃபில் ஆர்வம் கிடையாது, கிரிக்கெட் பைத்தியம். ஆங்கிலேயர் ஆட்டமான கிரிக்கெட்டை ஸ்காட்லாந்து மழையில் ஆடியே தீருவேன் என்று நிற்கும் ஆளிடம் நான் பேரம் பேச வேண்டியிருந்தது. பேரம் படிந்த விதம் இது: மணிக்கு மணி. நான் வெளியே போன நேரம் அவருக்குக் கடன். அவர் ஆடப் போன நேரம் எனக்கு வரவு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் முழு விலை, தூங்கும் நேரம் அரை விலை. இந்த அரை விலை ஏற்பாடு என் யோசனை. மாலை ஆட்டத்துக்குப் போகிறவள் நான் அல்லவா. விடியற்காலை ஆட்டம் என்றால் பேச்சு இப்படிப் போகும்:

“எத்தனை மணிக்கு வருவே?”

“ஒன்பது குழிதாங்க. காலையில ஏழரைக்கு வீட்ல இருப்பேன்.”

“கோல்ஃப் ஏழரையா, கடிகார ஏழரையா?”

“கடிகாரந்தான்.”

“சரி, போயிட்டு வா. ஏழரை எப்படியும் எனக்குத்தான்.”

சிரிப்பாக இருந்தாலும் இதில்தான் என் கோபமும் இருக்கிறது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மைதானத்துக்குப் போனால் சின்னப் பிள்ளைகளின் அப்பாக்கள் வரிசையாக நிற்பார்கள். அம்மாக்கள் அபூர்வம். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் எந்தத் தாளும் ஒட்டியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாலிப அப்பா என்னிடம், “உங்களுக்குப் பெர்மிஷன் கிடைச்சுதா?” என்று கேட்டார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். யாரும் யாருக்கும் அனுமதி தர வேண்டியதில்லை, கடனைத் திருப்பினால் போதும் என்றேன். அதன்பிறகு அவர் வானிலை பற்றி மட்டுமே பேசுகிறார்.

பிள்ளை பெற்றவள் கோல்ஃப் ஆடினால் ஊர் பேசும் என்பதும் புதிதல்ல. 1567 பிப்ரவரியில் ஸ்காட்லாந்து ராணி மேரியின் கணவர் டார்ன்லி கொலையானார். கொலை நடந்த சில நாட்களிலேயே ராணி சீட்டன் மாளிகைப் பக்கம் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார் என்று எதிரிகள் குற்றப்பத்திரிகையில் எழுதினார்கள். உண்மையோ பழியோ, கோல்ஃப் ஆடியதாகப் பெயர் பதிவான முதல் பெண் அவர். அப்போது அவர் மகனுக்கு எட்டு மாதம். கணவர் கொலையில் அவருக்குப் பங்குண்டா என்பதை விட்டுவிடலாம். ஆடப் போனார் என்பதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்களே, அதைச் சொல்கிறேன்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் 1754இல் தொடங்கிய ராயல் அண்ட் ஏன்ஷன்ட் கிளப் பெண்களை உறுப்பினராக்க ஓட்டுப் போட்டது 2014 செப்டம்பரில். இருநூற்று அறுபது வருடம் யோசித்திருக்கிறார்கள். அதற்குள் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது பெண்ணுக்கு அழகல்ல என்றிருந்த காலத்தில், ஓங்கவே வேண்டாத ஒரு மைதானத்தை 1867இல் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போடுவது மட்டும்தான் ஆட்டம். தரை மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குவதால் அதற்கு ‘இமயமலை’ என்று பெயர். இன்றும் மகளிர் சங்கம்தான் நடத்துகிறது. உறுப்பினர்கள் ஆடாத நேரத்தில் சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். மட்டையும் பந்தும் அங்கேயே தருவார்கள். உலகப் புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸில் வெளியூர்க்காரர் ஒரு சுற்று ஆட முந்நூறு பவுண்டுக்கு மேல் கொடுக்கும் அதே கடற்கரையில், கூப்பிடு தூரத்தில் இது. என் மகள் முதன்முதலாகப் பந்தைக் குழியில் போட்டது இங்கேதான். என்னைக் கேட்டால் சின்னப் பிள்ளையோடு செயின்ட் ஆண்ட்ரூஸ் வருகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் இமயமலை.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸ். ஓப்பன் மாதிரி பெரிய போட்டி இருந்தாலொழிய அன்று அங்கே கோல்ஃப் கிடையாது. மைதானம் முழுவதும் ஊர்ப் பூங்காவாகிவிடும். நாய்கள், தள்ளுவண்டிகள், பட்டம் விடுகிறவர்கள். இந்த நிலம் ஊருக்குப் பொது. ஏழு மைதானங்களையும் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்தது. உலகமெங்குமிருந்து ஆட்டக்காரர்கள் வந்து நின்று கண்கலங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் ஸ்வில்கன் கல்பாலத்தின் மேல் என் இரண்டு பிள்ளைகளும் யார் முதலில் தாண்டுவது என்று அடித்துக்கொள்வார்கள். நம் ஊரில் மதில் சுவருக்கு உள்ளே இருக்கும் ஆட்டமாகவே கோல்ஃபைப் பார்த்த எனக்கு, மதிலே இல்லாத இந்த மைதானம் பழகக் கொஞ்ச காலம் ஆயிற்று. என்னோடு சேர்ந்து ஆடுகிறவர்களில் பஸ் ஓட்டுகிறவர் இருக்கிறார், பள்ளிக்கூடச் சமையல்காரம்மா இருக்கிறார்.

இனி தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம். பிரசவத்துக்குப் பிறகு எப்போது மட்டையைத் தொடலாம் என்று பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. கர்ப்ப காலத்தில் வயிற்றின் நடுத் தசைகள் இரண்டு பக்கமும் விலகியிருக்கும். இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்திருக்கும். கோல்ஃப் வீச்சு பார்க்க மெத்தென்று இருந்தாலும் உடம்பை ஒரே பக்கமாக முறுக்கி வேகமாக விடுவிக்கும் அசைவு. ஓட்டம் போன்ற அதிர்வுள்ள பயிற்சிகளுக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்கச் சொல்வது இங்கே வழக்கம். நான் சொல்வது: முதலில் நடை, அப்புறம் தரையோடு உருட்டும் ஆட்டம், அப்புறம் அரை வீச்சு. இருமினால் சிறுநீர் கசிகிறதா, அடிவயிற்றில் கனமாக இருக்கிறதா, வீச்சைத் தள்ளிவைத்து ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். சிசேரியன் ஆனவர்கள் இன்னும் நிதானமாகப் போகலாம். குழி எங்கேயும் ஓடிவிடாது.

இதைச் சொன்னவுடன் இந்த ஊர்க்காரிகள் கத்ரீனா மேத்யூ பெயரை எடுப்பார்கள். நார்த் பெரிக்கைச் சேர்ந்தவர். 2009 ஜனவரியில் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு பிரேசிலில் ஒரு போட்டியை ஜெயித்தார். மே மாதம் இரண்டாவது மகள் பிறந்தாள். பதினோரே வாரத்தில் பிரிட்டிஷ் மகளிர் ஓப்பனை வென்றார். கோல்ஃபில் ‘மேஜர்’ என்னும் பெரிய பட்டத்தை வென்ற முதல் ஸ்காட்லாந்துப் பெண். அதற்கு முந்தைய வாரம் பிரான்சில் அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலில் தீப்பிடித்து, அவருடைய பையைச் சுமக்கும் கணவருக்குக் காலில் தீக்காயம். இத்தனையும் தாண்டி ஜெயித்தவரை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் கெஞ்சுவேன். அவருக்கு அதுதான் தொழில். நமக்கு மறுநாள் காலை வேறு தொழில் இருக்கிறது.

அதே மேத்யூ 2019இல் ஐரோப்பிய மகளிர் அணிக்குத் தலைவியாக, அமெரிக்க அணியோடு மோதும் சொல்ஹைம் கோப்பைக்கு நார்வேயின் சூசன் பெட்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். முந்தைய ஆண்டுதான் மகன் பிறந்திருந்தான். பிரசவ விடுப்பிலிருந்து வந்து அவர் ஆடிய போட்டிகள் சொற்பம். இவரை எதற்கு என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத கிளனீகிள்ஸில், கடைசி நாள், கடைசி பந்தை உருட்டிக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். அங்கேயே ஓய்வையும் அறிவித்துவிட்டார். இதில் நான் கவனிப்பது வேறொன்று. அமெரிக்க மகளிர் கோல்ஃப் சங்கம் 1993இலிருந்து போட்டி நடக்கும் ஊர்களுக்குக் கூடவே ஒரு குழந்தைகள் காப்பகத்தையும் கொண்டுபோகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் இருந்தால் மற்றதை அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து மைதானங்களில் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அப்படியொரு அறை திறந்தால் அந்த வரிசையில் அம்மாக்களும் நிற்பார்கள். இதை நான் கேட்ட இடங்களில் நல்ல யோசனை என்றார்கள். யோசனையாகவே இருக்கிறது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே ஆடலாமே என்பார்கள். ஆடலாம், ஆனால் அன்று அது உங்கள் ஆட்டம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு போக வேண்டும். பந்து பட்டால் உயிருக்கே ஆபத்து. ஓங்கிய மட்டையும் அப்படியே. அடிக்கிறவருக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கக் கூடாது, யாராவது “ஃபோர்!” என்று கத்தினால் தலையை மூடிக்கொண்டு குந்த வேண்டும்: இந்த இரண்டையும் மூத்தவளுக்கு மைதானத்துக்கு வருமுன் வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வயதுக்காரனை மைதானத்துக்குக் கூட்டிப்போவதில்லை. அவனுக்கு மணல் குழி என்றால் விளையாடக் கொட்டிவைத்த மணல்தான். வெளியே எடுக்க ஒரு பிஸ்கட் பாக்கெட் ஆகும்.

மூத்தவளோடு போவது செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே உள்ள பால்கோவ் மைதானத்துக்கு. ஒன்பது குழி, எல்லாம் குட்டை, புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் குடும்பங்களுக்கும் என்றே அமைத்தது. அவளுக்கு ஒரே ஒரு சின்ன மட்டை. குழியின் பக்கத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகிறோம். முதலில் உள்ளே விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டால் பிள்ளைக்கு ஆசை வந்துவிடும். மூன்று குழி முடிந்ததும் கால் வலிக்கிறது என்பாள். சரி என்று திரும்பிவிடுவேன். ஒன்பதையும் முடிக்கவைக்கும் அப்பா அம்மாக்களை அங்கே பார்க்கிறேன்; அழுகையும் கூடவே கேட்கிறது.

இப்போது அவள் கண் நார்த் பெரிக் மேல். மேத்யூவின் ஊரான அங்கே பிள்ளைகளுக்கென்றே ஒன்பது குழி மைதானம் ஒன்று உண்டு. பெரியவர்கள் ஒரு பிள்ளையின் துணையோடு வந்தால்தான் அங்கே ஆட முடியும். இதை ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“நான் வரலேன்னா உன்னை உள்ளயே விடமாட்டாங்களாம்மா?”

“விடமாட்டாங்க.”

“தம்பியோட போக முடியாதா?”

“அவன் ஆடமாட்டானே.”

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். “அப்போ ரெண்டு ஐஸ்கிரீம்” என்றாள்.

“ஒண்ணு.”

“ரெண்டு. இல்லேன்னா அப்பாவோட கிரிக்கெட்டுக்குப் போறேன்.”

அவர் தலையை நிமிர்த்தாமல், “மதுரைக்காரி” என்றார். இரண்டுக்குச் சம்மதித்தேன். அந்தச் செலவு இப்போது ஃபிரிட்ஜ் தாளில் என் கணக்கில் ஏறியிருக்கிறது.